கேரல் கணக்கு, டிசம்பர் இருபத்திரண்டு

ஈசூனில் அன்று ஆறு வீடுகள்.
ஐந்து முடிந்து ஆறாவதற்கு நடக்கிறோம்.
பதினொரு பேர்.
ஒரு கிட்டார், ஒரு டோலக், சலங்கை உதிர்ந்த ஒரு கஞ்சிரா,
வியர்வையில் ஊறிய ஒரு கிறிஸ்துமஸ் தாத்தா.

தாத்தாவுக்கு வயது இருபத்தாறு. பெயர் ஜெபசிங்.
செம்பவாங் கப்பல் பட்டறையில் வெல்டர்.
"இதுக்கு அந்த நெருப்பே தேவலை" என்கிறார்,
பஞ்சுத் தாடியை மோவாய்க்குக் கீழே இழுத்துவிட்டு.
விடுதி அறையில் பன்னிரண்டு கட்டில்.
இவர் ஒருவருக்குத்தான் அது பண்டிகை,
மற்ற பதினொருவருக்கும் லீவு.

எப்சிபா அக்கா வீடு பன்னிரண்டாம் மாடி.
மின்தூக்கிக்குப் போகும் வழியில்,
புளோக்கின் கீழ்த்தளத்தில்,
வெள்ளையும் மஞ்சளுமாய்த் துணி கட்டிய பந்தல்.
வட்ட மேசைகள், வேர்க்கடலைத் தோல்,
பூக்களுக்கு நடுவே ஒருவரின் படம்,
சட்டையின் கடைசிப் பொத்தான் வரை போட்டிருக்கிறார்.
டோலக் தானாக நின்றது.
சாவு வீட்டைத் தெரிந்துகொள்ள
சீனம் படித்திருக்க வேண்டியதில்லை.

"சிவப்பு," என்றாள் ரோஸ்லின். இங்கேயே பிறந்தவள்.
"சிவப்பு போட்டுக்கிட்டு அங்க போகக் கூடாது.
அவங்களுக்கு ஆகாது."

எல்லோரும் ஜெபசிங்கைப் பார்த்தோம்.
அன்று இரவு இந்தத் தீவில்
அவரைவிடச் சிவப்பான ஆள் கிடையாது.

படியேறலாமா? பன்னிரண்டு மாடி, டோலக் வேறு.
திரும்பிவிடலாமா? அக்கா அச்சுமுறுக்கு சுட்டுவிட்டு
மூன்று முறை போன் பண்ணிவிட்டார்.

ஜெபசிங் சைக்கிள் நிறுத்தும் இடத்துக்குப் போனார்.
அங்கியைக் கழற்றி, உதறி,
உட்புறத்தை வெளியே திருப்பிப் போட்டுக்கொண்டார்.
உள்ளே வெள்ளைத் துணி.
தையல் எல்லாம் தெரிந்தது, நூல்கள் தொங்கின,
பிடரியில் சலவைக் குறிப்புச் சீட்டு.
கால்சட்டைக்கு இருபுறமும் சிவப்பு.
அது என் பைக்குள் போனது.
அடியில் பந்து விளையாடுகிற அரைக்கால் டிரவுசர்.

பந்தலைக் கடந்தோம், செருப்புச் சத்தம் கேளாமல்.
தாள் மடித்துக்கொண்டிருந்தவர் எழுந்தார். மகனாக இருக்கும்,
சட்டைக் கையில் சின்னத் துணி குத்தியிருந்தது.
அங்கியைப் பார்த்தார். தொங்கும் நூலைப் பார்த்தார்.
ஜெபசிங் கையில் சுருட்டி வைத்திருந்த தாடியைப் பார்த்தார்.
ஒன்றும் கேட்கவில்லை.
உள்ளே போய் செவ்வந்தித் தேநீர்ப் பாக்கெட்டுகள் எடுத்து வந்தார்.
பதினொன்று. எண்ணியிருக்கிறார்.

பிறகு ஒரு தட்டு நீட்டினார்,
ஆளுக்கொரு துண்டு நூல்.
சிவப்பு நூல்.
"வீட்டுக்குள்ள போறதுக்கு முன்னாடி
வெளியே போட்டுடணுமாம்" என்றாள் ரோஸ்லின்.

பொருளாளர் நான்.
காணிக்கைப் பையில் இருநூற்றுப் பதினான்கு வெள்ளி.
முப்பது எடுத்தேன்.
"ஒத்தைப்படையா வைங்கக்கா."
எங்கள் பக்கம் கல்யாணத்துக்குத்தான்
ஒரு ரூபாய் சேர்த்து மொய் எழுதுவார்கள்.
முப்பத்தொன்றாக வைத்தேன்.
அவர் இரண்டு கையாலும் வாங்கினார்.

பன்னிரண்டாம் மாடியில் நூலைக் குப்பையில் போட்டுவிட்டு
மெதுவாகத்தான் பாடினோம். டோலக்கைத் தொடவில்லை.
எப்சிபா அக்காவின் சின்னவன்,
"தாத்தா ஏன் வெள்ளை?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.
ஜன்னல் வழியாக ஊதுபத்தி வாசம்.
கீழே யாரோ மணி தட்டி ஓத ஆரம்பித்தார்கள்.
இரண்டாம் சரணத்தில் எங்கள் தாளம்
அந்த மணிக்குள் போய் விழுந்துவிட்டது.
கிட்டார் மட்டும் கொஞ்சம் தடுமாறியது.
யாரும் திருத்தவில்லை.

இப்போது மணி பன்னிரண்டரை.
சமையலறை மேசையில் கணக்கு நோட்டு.
அந்த முப்பத்தொன்று எதற்கு என்று
ஜனவரிக் கூட்டத்தில் கட்டாயம் கேட்பார்கள்.
யோசித்து யோசித்துப் பென்சிலால் எழுதியிருக்கிறேன்:
ஏழாவது வீடு.
வரவு, தேநீர் பதினொன்று.

ஜெபசிங்கின் கால்சட்டை இன்னும் என் பையில்.
நாளை உட்லண்ட்ஸில் ஒன்பது வீடு.